படிக்கப் போன பிள்ளை என்ன சாப்பிடுகிறது?

எமது கிராமங்களிலிருந்தும், இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதிருக்கும் குடும்பங்களிலிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் சில பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தகரக் கொட்டில்களுக்கும் கூடாரங்களுக்கும் இடையே ஓடித் திரிந்த சிறுபிள்ளைகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் தேறி, யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலை என்று புறப்பட்டிருக்கிறார்கள். அவர்களிற் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதிப்பவர்கள். அவர்களை அனுப்புவதற்காகப் பெற்றோர் பசு விற்றிருக்கிறார்கள், நகை அடகு வைத்திருக்கிறார்கள், ஒரு போக வெங்காயத்தை விலை ஏறுமுன்னரே விற்றிருக்கிறார்கள்.

இதைப்பற்றிப் பெருமையோடு எழுத எவ்வளவோ உண்டு. ஆயினும் இவ்விதழில் நாம் எடுத்துக்கொண்ட விடயம் சிறியதாகவே தோன்றும். அந்தப் பிள்ளை அங்கே என்ன சாப்பிடுகிறது?

இக்கேள்வியைப் பெற்றோர் தொலைபேசியில் நாளாந்தம் கேட்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். "சாப்பிட்டியே பிள்ளை?" "ஓம் அம்மா, சாப்பிட்டனான். நீங்கள்?" "நாங்கள் அப்பவே சாப்பிட்டிட்டம்." இந்த உரையாடலில் இரண்டு பக்கத்திலும் முழு உண்மை சொல்லப்படுவதில்லை. வீட்டில் உள்ள கஷ்டம் பிள்ளைக்குத் தெரியும். ஆகவே பசியை மறைக்கிறது. பிள்ளையின் படிப்புக் குழம்பிவிடும் என்று தாய் தன் பசியை மறைக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு மெலிந்துபோகிறார்கள்.

திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பகுதிகளிலும், கிளிநொச்சி அறிவியல்நகரிலும், வவுனியா பம்பைமடுவிலும் எமது பிள்ளைகள் தங்கியிருக்கும் அறைகளுக்குச் சென்றால் நிலைமை விளங்கும். விடுதியில் இடம் எல்லோருக்கும் எல்லா ஆண்டும் கிடைப்பதில்லை. ஒரு சிறிய அறையில் மூவர் நால்வர் இருக்கிறார்கள். காலையில் விரிவுரைக்கு ஓட வேண்டும், சாப்பாடு கிடையாது. பத்து மணிக்குக் கன்ரீனில் ஒரு பணிசும் பிளேன்ரீயும். மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சலை இருவர் பகிர்வார்கள், அல்லது ஒரு றோல்சுடன் முடிப்பார்கள். இரவில் ஒரு பக்கற் நூடில்ஸ். கையில் காசு வந்த நாளில் மட்டும் கொத்துரொட்டி. மாதத்தின் கடைசி வாரத்தில் இதுவும் குறைந்து, வெறும் தேநீரும் பிஸ்கற்றுமாக நாள் போகும்.

இது சோம்பேறித்தனத்தால் மட்டும் வந்த நிலை அல்ல. 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. அதாவது, ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்ததே தவிர, விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மஹாபொல பணம் பிந்தி வரும் மாதங்களில் பிள்ளை முதலிற் குறைப்பது சாப்பாட்டைத்தான். அறை வாடகையைக் குறைக்க முடியாது, போட்டோப் பிரதி எடுக்கும் செலவையும் குறைக்க முடியாது.

இடம்பெயர்வு கற்றுத்தந்த சமையல்

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களும், பின்னர் வன்னியில் மரத்துக்கு மரம் கொட்டில் போட்டவர்களும் இவ்விதழின் வாசகர்களில் இருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாமல், ஒரே ஒரு பானையோடு, குறைந்த விறகில், பல குடும்பங்கள் சேர்ந்து சமைத்துப் பிள்ளைகளை உயிரோடு காத்தவர்கள் நீங்கள். எந்த மா எத்தனை நாளைக்கு இருக்கும், எந்தக் கருவாட்டை எப்படிக் காயவைத்தால் புழுப் பிடிக்காது, ஒரு கைபிடி பருப்பை எத்தனை பேருக்கு நீட்டலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

வாடகை அறையில் இருக்கும் மாணவனுடைய பிரச்சினையும் அதுவேதான். அவனிடமும் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஒரு றைஸ்குக்கர் உண்டு; மின்கட்டணத்தைப் பற்றி முறைப்பாடு சொல்லும் வீட்டுக்காரர் உண்டு; நேரம் இல்லை. உங்களிடமுள்ள அறிவு அவனுக்குத் தேவை. ஆனால் அது அவனிடம் போய்ச் சேரவில்லை. முகாமின் நினைவோடு ஒட்டியிருப்பதனால் அந்தச் சாப்பாட்டைப் பெற்றோரும் பேச விரும்புவதில்லை, பிள்ளைகளும் வெட்கப்படுகிறார்கள். குரக்கன் மாவைக் கொண்டுபோன பிள்ளை அதை அறைத் தோழருக்குத் தெரியாமல் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்ததை நாம் கண்டிருக்கிறோம். நகரங்களில் அதே குரக்கனை அழகிய பக்கற்றில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்பதை அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னோம். சிரித்துக்கொண்டு பேணியை வெளியே எடுத்தது.

குரக்கனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. அதே நிறையுள்ள தீட்டிய வெள்ளை அரிசியில் அதன் ஒரு சிறு பங்குதான் உண்டு. பால் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆயினும் குரக்கன் தனியே போதாது. தானியங்களிலுள்ள புரதத்தில் ஒரு கூறு குறைவு. பயறு, உளுந்து, கௌபி போன்றவற்றில் அக்கூறு தாராளமாக உண்டு. இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. எமது முன்னோர் பயறும் அரிசியும் சேர்த்துப் பொங்கியதிலும், உளுத்தம்மாவும் அரிசிமாவும் கலந்து களி கிண்டியதிலும் இந்தச் சூத்திரம் இருக்கிறது.

ஒரு மாதத்துக்கு ஒரு பிள்ளைக்குப் போதுமான சத்துமாவை வீட்டிலே செய்யலாம். சிவப்பரிசி அரைக் கிலோ, குரக்கன் அரைக் கிலோ, பயறு கால் கிலோ, தோலுடன் உளுந்து 100 கிராம். ஒவ்வொன்றையும் கழுவிக் காயவைத்து, தனித்தனியே வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டியிற் கொட்டினால் உளுந்து கருகும், அரிசி வேகாமல் நிற்கும். நன்றாக ஆறிய பின்னரே திரிக்க வேண்டும். திரித்த மாவும் சூடாயிருக்கும். அதைப் பரப்பி ஆறவிட்ட பின்னரே பேணியில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் பேணிக்குள்ளே வியர்த்து, இரண்டு வாரத்திற் பூஞ்சணம் பிடிக்கும். எள்ளையும் கச்சானையும் இந்த மாவோடு சேர்த்துத் திரிக்க வேண்டாம். எண்ணெய்ப் பசையினால் மா சிக்கு மணம் எடுத்துவிடும். அவற்றை வறுத்து வேறாக அனுப்புங்கள். கறுத்த, பூஞ்சணம் பிடித்த கச்சானை "வறுத்தாற் சரி" என்று அனுப்பவே கூடாது. அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுப்பதால் முற்றாகப் போவதில்லை. அது ஈரலைத் தாக்கும்.

காலையில் மூன்று மேசைக்கரண்டி மாவைச் சுடுநீரிற் கரைத்துக் காய்ச்சி, சிறிது சர்க்கரையோ ஒரு வாழைப்பழமோ சேர்த்தாற் பத்து நிமிடத்திற் காலை உணவு முடிந்தது. விரிவுரைக்குப் பிந்தவும் தேவையில்லை.

இதனோடு அனுப்பக்கூடியவை இன்னும் உண்டு. புளுக்கொடியல், எள்ளுருண்டை, பயற்றம் உருண்டை, தேசிக்காய் ஊறுகாய், வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், வடிவாகக் காய்ந்த நெத்தலி. ஒடியல் மா அனுப்புவோர், அதை நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை நீரை மாற்றிக் கயர்ப்புப் போக்கிய பின்னரே சமைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். இக்காலப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. முருங்கையிலையை நிழலில் உலர்த்திப் பொடித்து அனுப்பலாம். வெயிலில் உலர்த்தினாற் பச்சை நிறத்தோடு விற்றமினில் ஒரு பகுதியும் போய்விடும்.

ஒரு பானை, நான்கு பிள்ளைகள்

தனியே சமைத்துச் சாப்பிட முயலும் பிள்ளை இரண்டு வாரத்தில் அலுத்துக் கன்ரீனுக்குத் திரும்பிவிடும். நால்வர் சேர்ந்தால் நிலைமை வேறு. ஒருவர் சந்தைக்குப் போக, ஒருவர் வெட்ட, ஒருவர் சமைக்க, ஒருவர் சட்டி கழுவ, முறை வைத்துக்கொள்ளலாம். திருநெல்வேலிச் சந்தை பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாலையில் வியாபாரிகள் வீடு திரும்பும் நேரத்தில் கீரைப்பிடியும் மிஞ்சிய மரக்கறியும் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

றைஸ்குக்கரில் ஒரே தடவையிற் செய்யக்கூடிய சாப்பாடு ஒன்றைச் சொல்கிறோம். நால்வருக்கு அரைக் கிலோ சிவப்பரிசி, 200 கிராம் பருப்பு அல்லது ஊறவைத்த பயறு, ஒரு வெங்காயம், மஞ்சள், அளவாக உப்பு. சோறு வெந்து வரும்போது இரண்டு கைபிடி முருங்கையிலையை மேலே தூவி மூடிவிட வேண்டும். நான்கு முட்டையை நன்றாகக் கழுவி அதே பானையில் வைத்து அவிக்கலாம். பக்கத்தில் தேசிக்காய்த் துண்டும் பொரித்த நெத்தலியும் இருந்தால் வேறு கறி தேவையில்லை. மிஞ்சிய சோற்றைத் திறந்து வைத்து அடுத்த நாள் சூடாக்க வேண்டாம். ஆறியவுடன் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையிற் பழஞ்சோறாக வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துச் சாப்பிடலாம். தேங்காய்ப்பால் விட்ட கறியும் சொதியும் இரவைத் தாண்டக் கூடாது.

பயறு முளைகட்டுவதற்கு அடுப்பே தேவையில்லை. இரவு ஊறவைத்து, காலையில் ஈரத்துணியிற் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த நாள் முளைத்துவிடும். முளைத்த பயறில் விற்றமின் சி கூடுகிறது. அறை நீரை நம்பிப் பச்சையாகச் சாப்பிடாமல் ஒரு கொதி விட்டு எடுப்பது நல்லது.

நூடில்ஸை முற்றாக விட்டுவிடுங்கள் என்று நாம் சொன்னால் பிள்ளைகள் எம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். பரீட்சைக் காலத்தில் அது வேண்டியிருக்கும். ஆனால் அது பெரும்பாலும் கோதுமை மாவும் எண்ணெயும்தான். அதனோடு வரும் தூளில் ஒரு நாளுக்குப் போதுமான உப்பின் பாதியோ அதற்கு மேலோ இருக்கக்கூடும். தூளில் அரைவாசியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் சேர்த்தால் அதுவும் ஓரளவுக்குச் சாப்பாடாகும்.

சீனியைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் குறைவாகவும், இயலுமானால் 25 கிராமுக்குள்ளும் சேர்த்த சீனியை வைத்திருக்கச் சொல்கிறது. இரண்டு தேக்கரண்டிச் சீனியோடு ஐந்து பிளேன்ரீ குடிக்கும் பிள்ளை தேநீரிலேயே 40 கிராமைத் தாண்டிவிடுகிறது. சோடாப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் 2016ஆம் ஆண்டு முதல் இடப்படுகிறது. சிவப்பைக் கண்டால் போத்தலைத் திரும்ப வைத்துவிடலாம்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக

படிக்க உட்கார்ந்தால் தூங்கி வழிதல், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, எதிலும் மனம் ஊன்றாமை. இவற்றைப் பிள்ளையின் அசட்டை என்றோ மனக்கவலை என்றோ வீட்டார் நினைக்கிறார்கள். பல வேளைகளில் இது இரத்தச்சோகை. மாதவிடாய் காரணமாகப் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து அதிகம் தேவை. குருதியில் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை.

கீரை, பயறு, எள்ளு, மீன், ஈரல் யாவும் உதவும். ஆனால் சாப்பாட்டோடு பிளேன்ரீ குடித்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பின் பெரும்பகுதி உடலிற் சேராமலே வெளியேறிவிடும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்து, சாப்பாட்டோடு தேசிக்காயோ நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ சேர்த்துக்கொண்டால், அதே கீரையிலிருந்து கூடுதலான இரும்பு கிடைக்கிறது. காசு செலவில்லாத மாற்றம் இது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சுத்தமான கழிப்பறை இல்லாததால் பெண்பிள்ளைகள் பகல் முழுவதும் தண்ணீர் குடியாமல் இருக்கிறார்கள். இதனாற் சிறுநீர்த் தொற்று வருகிறது, தலையிடி வருகிறது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. மாணவர் ஒன்றியங்கள் நிருவாகத்தோடு பேசவேண்டிய விடயங்களில் இது முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்பது எமது கருத்து.

உடம்பை அசைத்தல்

ஊரில் இருந்தபோது தண்ணீர் இறைத்தும், வரம்பு கட்டியும், நான்கு மைல் சைக்கிள் ஓடிப் பள்ளிக்கூடம் போயும் வளர்ந்த உடம்பு, பல்கலைக்கழகத்தில் நாள் முழுவதும் கதிரையில் இருக்கிறது. வாரத்துக்கு ஆகக்குறைந்தது 150 நிமிட நேரம் ஓரளவு மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்று கூறப்படுகிறது. நாளொன்றுக்கு 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. சைக்கிளை ஊரில் விட்டுவிட்டு ஓட்டோவுக்குக் காசு கொடுக்கும் பிள்ளைக்கு அந்தச் சைக்கிளை அனுப்பிவையுங்கள். வேறு ஏற்பாடு தேவையில்லை.

ஆண்பிள்ளைகள் சிலர் உடம்பு வைக்க வேண்டும் என்று விலைகூடிய புரதமாப் பேணிகளை வாங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். 300 கிராம் அரிசியில் ஏறத்தாழ 20 கிராம், 75 கிராம் பயறில் 18 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு சிறு பிடி நெத்தலியில் 10 கிராம் அளவில் கிடைத்துவிடும். கடினமான பயிற்சி செய்பவனாயின் இன்னொரு முட்டையும் இன்னொரு பிடி கடலையும் சேர்த்துக்கொள்ளட்டும். அந்தப் பேணியின் விலைக்கு வீட்டில் கோழிக்கூடு கட்டலாம்.

நித்திரையைக் குறைத்துப் படிப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கமும் உண்டு. ஏழு மணித்தியாலம் தூங்காத மூளையில் படித்தது தங்காது.

அனுப்புவதற்கு முன்

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை எமது நாட்டிற் பல மாதங்கள், சில வேளை ஒரு வருடத்துக்கு மேலாகவும் செல்கிறது. அந்தக் காலத்திற் பிள்ளையை அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். முக்கியமாக ஆண்பிள்ளையை. அக்கா தங்கச்சி உள்ள வீட்டில் அவனுக்கு உலை வைக்கவும் தெரியாது. கூப்பிட்டால் தகப்பனே "அவன் படிக்கட்டும்" என்று தடுப்பார். சோறு, பருப்பு, ஒரு கீரை வறை, ஒரு மீன் குழம்பு, சம்பல். இந்த ஐந்தையும் செய்யத் தெரிந்தவன் எந்த ஊரிலும் பட்டினி கிடக்கமாட்டான்.

காசு அனுப்பும் குடும்பங்கள், மாதத் தொடக்கத்திலேயே அரிசி, பருப்பு, பயறு, உப்பு, எண்ணெய் ஆகியவற்றை வாங்கி வைத்துவிடும்படி சொல்லுங்கள். கடைசி வாரத்திற் கையிற் காசு இல்லாவிட்டாலும் பேணியில் அரிசி இருக்கும். காசு அனுப்ப இயலாத குடும்பங்கள் அதற்காகக் கூச வேண்டியதில்லை. ஒரு பேணி மாவும் ஒரு போத்தல் ஊறுகாயும் பிள்ளையின் பத்து நாள் காலைச் சாப்பாட்டைத் தாங்கும். இரவற் காணியில் இருப்போரும் கிணற்றடியில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றலாம்.

பஸ்ஸிற் பார்சல் அனுப்புவோர் கவனிக்க: உரப்பையிற் சாப்பாட்டுச் சாமானைக் கட்ட வேண்டாம், எத்தனை தரம் கழுவியிருந்தாலும் வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள பேணியில் போட்டு, வெளியே பிள்ளையின் பெயரையும் இறங்கும் இடத்தையும் பெரிதாக எழுதுங்கள். விடுமுறைக்கு வரும்போது வெறும் பேணிகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மா மிச்சமாக வந்தால், எது பிடிக்கவில்லை என்று கேட்டு அடுத்த முறை அளவை மாற்றலாம். பூச்சி பட்டிருந்தால் தானியத்தை இன்னும் சற்று வறுத்திருக்க வேண்டும்.